பிள்ளைகள் எந்த விலங்கைக் காண வேண்டும்?

உயிருள்ள விலங்கைக் கண்ணாரக் காணாத பிள்ளைக்கு இயற்கைமீது பற்று உண்டாகாது என்பர் கல்வியாளர். உண்மையே. ஆயின், எந்நிலையிலுள்ள விலங்கைக் காட்டுவது என்பதே வினா.

மலைநாட்டுப் பாடசாலைகளின் கல்விச் சுற்றுலாக்கள் பல பின்னவலையை நாடுகின்றன. அநாதை யானைக் குட்டிகளைக் காக்க 1975இல் தோன்றிய இவ்வில்லம், 1978இல் விலங்கியற் பூங்கா நிர்வாகத்தின்கீழ் வந்தது. அங்கு பிள்ளைகள் காண்பது, பாகனின் ஏவலுக்கு அடங்கி மா ஓயாவில் நீராடும் யானையை. 1995இல் உடவளவையில் அமைந்த நிலையமோ குட்டிகளை வளர்த்துக் காட்டுக்கே திருப்பி அனுப்புகிறது. பார்வையாளர் எட்ட நின்று பாலூட்டலைக் காணலாம், தொடுவதற்கு இடமில்லை. யானை நமக்கு அடங்கியது என்கிறது முதற்பாடம். யானைக்கும் தனக்கென ஒரு வாழ்வுண்டு என்கிறது இரண்டாவது. நமக்கு வேண்டுவது இரண்டாவதே.

மடுல்கெல்லைத் தோட்டப் பிள்ளைக்கு உடவளவை நெடுந்தூரம். அதனாற் குறையில்லை. அயலிலுள்ள நக்கிள்ஸ் மலைத்தொடர் 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. இலை போன்ற மூக்குடைய ஓணான் இனமொன்று அங்கன்றி உலகில் வேறெங்கும் இல்லை. சிறுத்தையும் அங்கே உலவுகின்றது.

இது பொழுதுபோக்கு விடயமன்று. 2020 மே மாதம், நல்லதண்ணியில் லக்சபானத் தோட்டத்தில் கம்பிச் சுருக்கில் அகப்பட்ட கருஞ்சிறுத்தை, மீட்கப்பட்டும் சில நாட்களில் மாண்டது. பன்றிக்கு வைக்கும் சுருக்கு சிறுத்தையை வேறுபிரித்து அறியாது. பயிரிழக்கும் உழவனின் துயரை நாம் மறுக்கவில்லை. 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் குற்றவாளியைத் தண்டிக்கலாம். கம்பியை முறுக்கும் கையைத் தடுத்து நிறுத்தும் அறிவைப் பாடசாலையே தரவேண்டும்.

ஆகவே நாம் கோருவன இரண்டு. முதலாவது, வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் வழிகாட்டிகள் தோட்டப் பாடசாலை மாணவரைத் தவறாது காட்டோரம் அழைத்துச் சென்று, அடிச்சுவட்டையும் கூட்டையும், அவற்றுக்குரிய உயிர்களையும் தொலைவிலிருந்து காட்டவேண்டும். இரண்டாவது, அவ்விளக்கம் தமிழில் அமைதல் வேண்டும். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. எனவே நாம் கேட்பது சலுகையன்று, உரிமை.

தேயிலை மலைகளில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக உழைத்த மக்களின் பிள்ளைகளுக்கு, அம்மலையின் உயிர்களை அவர்தம் மொழியிலேயே அறிமுகஞ் செய்வதற்கு அரசுக்கு என்ன தடை? பதிலைப் பாராளுமன்றத்தில் நம் பிரதிநிதிகள் கேட்டுப் பெறட்டும்.