ஹிருதயத்தில் ஒரு புடைப்பு

மலைக்கோட்டைப் படியேறும் பெரியவர் நடுவில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், "வாயுதான், வேறொன்றுமில்லை" என்று சொல்ல நம் திருச்சியில் பத்துப் பேர் இருப்பார்கள். ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பியதும் பெருங்காய மோர் ஒரு டம்ளர், வைத்தியம் முடிந்தது! அது மெய்யாகவே மாரடைப்பாயிருந்தால் ஹிருதயத்துக்குள் என்ன நேருகிறது என்பதை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

இரத்தக் குழாய் அடைபட்டால், அது போஷித்து வந்த தசை சில மணி நேரத்தில் மடிகிறது. பிறகு அவ்விடத்தில் உண்டாவது வெறுந் தழும்பு. தழும்புக்குச் சுருங்கத் தெரியாது. உள்ளழுத்தம் தாங்காமல் மெலிந்து வெளியே பிதுங்குகிறது. சைக்கிள் டியூபில் நைந்த இடம் காற்றடிக்கும்போது புடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான். மற்றச் சுவர்கள் சுருங்கும்போது இந்தப் பை விரிகிறது. உடலுக்குப் போகவேண்டிய இரத்தத்தில் ஒரு பங்கு அதில் தங்கிவிடுகிறது.

முட்டை போல் நீண்டிருந்த இடது கீழறை நாளடைவில் பந்து போலாகிறது. அறை பெருத்துச் சுவர் மெலிய மெலிய, எஞ்சிய நல்ல தசையின்மேல் பாரம் ஏறுகிறது. வால்வைப் பிடித்திருக்கும் தசைகள் விலகி, வால்வு ஒழுகலாம். பையில் தேங்கிய இரத்தம் உறைந்து, அதில் ஒரு துணுக்கு மூளைக்குச் சென்றால் பக்கவாதம். தழும்பின் ஓரத்திலிருந்து தாறுமாறான துடிப்பும் கிளம்பலாம்.

வெட்டித் தைத்துவிடலாகாதா? 1958-ல் அமெரிக்காவில் டாக்டர் டென்டன் கூலி, ஹிருதய-நுரையீரல் யந்திரத்தின் துணைகொண்டு அதைச் செய்தார். தக்கவர்களுக்கு இன்றும் செய்கிறார்கள். ஆனால் 1000 நோயாளிகளிடம் நடத்தி 2009-ல் வெளியிட்ட பரீட்சையில், பைபாஸுடன் அறையின் உருவத்தையும் திருத்தியபோது அறை சிறுத்ததேயன்றி ஆயுள் கூடவில்லை. கெட்ட உருவைத் திருத்துவதைவிடக் கெடாமல் காப்பதே மேல்.

அதற்கு வழியுண்டு. நம் தமிழ்நாட்டில் சிறு ஆஸ்பத்திரிகளைப் பெரியவற்றுடன் இணைத்து, அடைப்பை விரைவில் நீக்க ஓர் ஏற்பாடு செய்து பார்த்தார்கள். 2420 நோயாளிகளைக் கணக்கெடுத்து 2017-ல் வெளியான முடிவின்படி, ஓராண்டுக்குள் இறப்பவர் தொகை நூற்றுக்கு 17.6-லிருந்து 14.2 ஆகக் குறைந்தது. 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டம், முதல் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கச் செய்தது.

மாத்திரை காத்திருக்கும், தசை காத்திராது. மார்பில் பாரம் கண்டால், பொழுது விடியட்டும் என்றிராமல் உடனே 108-ஐ அழையுங்கள்.