காத்திருப்பின் கூலி யார் தலையில்?

கரைத்தீவு என்று எழுதினால் வாசகர்களில் பெரும்பாலானோர் கிழக்கிலங்கையின் காரைதீவையே நினைத்துக்கொள்வர். விபுலாநந்த அடிகளைத் தந்த அந்த ஊரைப் பற்றியதன்று இக்கட்டுரை. நான் குறிப்பிடுவது புத்தளம் நகருக்கு வடக்கே, வண்ணாத்திவில்லுப் பிரதேச செயலாளர் பிரிவில், கடனீரேரியை அண்டியிருக்கும் சிறிய கரைத்தீவு. கொழும்பின் குப்பையை அதன் அயலில் கொட்டப் போகிறார்கள் என்ற செய்தி வந்த பின்னரே அவ்வூரின் பெயர் பத்திரிகைகளில் அதிகம் அடிபட்டது.

2018ஆம் ஆண்டின் பிற்பகுதியில், அந்தக் குப்பைப் பிரச்சினையை நேரில் விசாரித்தறியவே அப்பக்கம் போயிருந்தேன். போன காரியத்தைவிட வழியில் கண்ட ஒரு காட்சி இன்றுவரை என் மனதில் நிற்கிறது. கடற்றொழிலாளி ஒருவர் தம் சொந்தப் பணத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். அத்திவாரம் முடிந்து, சுவர் யன்னல் மட்டத்துக்கு எழும்பியிருந்தது. காலை பத்து மணி. மேசனும் அவருடைய கையாட்கள் இருவரும் வேப்பமர நிழலில் அமர்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். வேலை நடக்கவில்லையா என்று கேட்டேன். “வேலைக்கு நாங்க வந்துட்டம் ஐயா, சாமான்தான் இன்னும் வந்து சேரல்ல” என்றார் மேசன்.

விசாரித்தால் கதை நீண்டது. மணல் வந்திருந்தது. சீமெந்து வந்து ஒரு வாரமாகி, தறப்பாளின் கீழ் அடுக்கப்பட்டிருந்தது. கல் அரிபவரிடம் கல்லும் ஆயத்தமாகவே இருந்தது. கல்லை ஏற்றிவரும் உழவு இயந்திரம் மட்டும் அன்று வேறிடம் போய்விட்டது. மேசனைத் திருப்பி அனுப்பினால் அவர் இன்னொரு வீட்டு வேலையைப் பிடித்துக்கொள்வார். மறுபடி வர எத்தனை வாரமாகும் என்று சொல்ல முடியாது. ஆகவே வேலையில்லாத அந்த நாளுக்கும் கூலி கொடுத்தாக வேண்டும். கல் வந்தால் இறக்க ஆள் வேண்டுமென்று வீட்டுக்காரரும் அன்று கடலுக்குப் போகவில்லை. ஓர் உழவு இயந்திரம் வராததால் நான்கு பேரின் நாள் வீணாயிற்று. அந்த நான்கு நாட்களுக்கான விலையும் விழுந்தது ஒரே தலையில்.

இத்தனை ஆண்டுப் பத்திரிகைத் தொழிலில் எத்தனையோ தாமதமான கட்டுமானங்களைப் பற்றி எழுதியிருக்கிறேன். பாலம், பாடசாலை, வைத்தியசாலை, வீதி. காரணம் கேட்டால் எப்போதும் நான்கு பதில்களே கிடைக்கும்: நிதி வரவில்லை, மழை பெய்தது, ஆட்சி மாறியது, வேலையாட்கள் சோம்பேறிகள். நானும் அவற்றையே எழுதி அனுப்பினேன். அந்த வேப்பமர நிழலில்தான், கேட்க வேண்டிய கேள்வியை இத்தனை காலமும் கேட்கத் தவறிவிட்டோமே என்று தோன்றியது. எந்த வேலைக்குப் பின் எந்த வேலை? அதற்கு வேண்டிய பொருள் எப்போது, யார் பொறுப்பில் வரும்? வராவிட்டால் யார் காத்திருப்பது?

இது ஏதோ நம் நாட்டுக் குணம் என்று எண்ணிவிட வேண்டாம். 1990களில் அமெரிக்காவில் கிளென் பல்லார்ட், கிரெக் ஹவல் ஆகிய இருவரும் கட்டுமானத் தளங்களின் வாராந்தத் திட்டங்களை எடுத்து ஒப்புநோக்கினார்கள். இந்த வாரம் முடிப்போம் என்று எழுதிவைத்த வேலைகளில் ஏறத்தாழப் பாதியே அந்த வாரத்தில் முடிந்திருந்தன. மேற்பார்வையும் இயந்திரமும் நிறைந்த செல்வந்த நாட்டிலேயே இதுதான் நிலை. அவர்கள் கண்ட தீர்வு எளிமையானது. மேலேயிருப்பவர் வரையும் அட்டவணை என்ன நடக்க வேண்டும் என்பதைச் சொல்லும். என்ன நடக்க முடியும் என்பதை, வேலையைக் கையில் எடுக்கும் கடைசி மனிதனே அறிவான். கல்லும் மணலும் ஆளும் கருவியும் முந்தைய வேலையும் ஆயத்தமா என்று அவனைக் கேட்டு, ஆயத்தமானதை மட்டும் அந்த வாரக் கணக்கில் சேர்க்க வேண்டும். முடியாமற் போனால் ஏன் என்று எழுதிவைக்க வேண்டும். நம் ஊர் மேசன் மரநிழலில் சொன்ன ஒரு வரியையே அவர்கள் ஒரு முறையாக வளர்த்தெடுத்தார்கள் என்று சொல்லலாம்.

இப்படிச் செய்து காட்டிய பழைய உதாரணமும் உண்டு. நியூயோர்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டிடம் 1930 மார்ச்சில் தொடங்கி 1931 மே முதலாம் திகதி திறக்கப்பட்டது. 102 மாடிகள், பதினான்கு மாதங்களுக்கும் குறைவான காலம். நகரின் நெரிசல் மிகுந்த தெருவில் பொருட்களைக் குவித்துவைக்க இடமில்லை. ஆகவே ஒவ்வொரு இரும்புத் துண்டும் எந்த இடத்துக்குரியது என்ற இலக்கத்தோடு, தேவைப்படும் வேளைக்கு வந்து சேர்ந்தது. ஒவ்வொரு மாடியிலும் சிறு தண்டவாளம் போட்டுத் தள்ளுவண்டிகளில் பொருளைக் கொண்டுசென்றார்கள். அங்கிருந்த தொழிலாளர் நம்மவரைவிட வேகமான கைகளை உடையவர்கள் என்பதற்கில்லை. அவர்களுடைய கைகள் பொருளுக்காகக் காத்திருக்கவில்லை, அவ்வளவே.

அவ்வளவு தூரம் போகவேண்டியதும் இல்லை. கரைத்தீவின் அயலிலேயே ஒரு நல்ல உதாரணம் கிடக்கிறது. அருவக்காட்டுச் சுண்ணாம்புக் கற்பாறைகள்தாம் பாலாவியிலுள்ள சீமெந்துத் தொழிற்சாலையின் உயிர். 1970களிலிருந்து அங்கே வெட்டப்படும் கல், அதற்கென்றே போடப்பட்ட புகையிரதப் பாதையில் ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றர் சென்று சூளையை அடைகிறது. வெட்டுவது, ஏற்றுவது, ஓட்டுவது, இறக்குவது, சுடுவது எல்லாம் ஒரே சங்கிலி. கல் வராமல் சூளை அணைந்தால் நட்டம் முதலாளியுடையது. ஆகவே சங்கிலி அறாமல் பார்த்துக்கொண்டார்கள். இலங்கையின் எத்தனையோ வீடுகளின் சுவரில் இந்த மண்ணின் ஒரு பங்கு இருக்கிறது.

கல் போன அதே மண்ணுக்குத்தான் குப்பை வந்தது. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளில், கொழும்பு மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் அருவக்காட்டுத் திட்டம் அவசர அவசரமாக முன்னுக்கு வந்தது. காகிதத்தில் அது அழகான திட்டம். களனியில் குப்பையை அழுத்திக் கொள்கலன்களில் அடைப்பது. நாளொன்றுக்கு 1,200 தொன். புகையிரதத்தில் சுமார் 170 கிலோமீற்றர். கைவிடப்பட்ட சுண்ணாம்புக் கல் அகழிகளில், கசிவு நிலத்தடி நீரோடு கலவாதபடி அடித்தளம் விரித்து, முறையாக நிரப்புவது. கட்டுமானம் ஒரு சீன நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

நிலக் கீழ் நீரையும் கடனீரேரியையும் வில்பத்துவின் அயலையும் நினைத்துப் புத்தளம் மக்கள் எதிர்த்தார்கள். ‘கிளீன் புத்தளம்’ என்ற பெயரில் நடந்த அந்தப் போராட்டத்தின் நியாயத்தை இங்கு மீண்டும் வாதிட வரவில்லை. திட்டத்தின் ஆதரவாளர்களின் வாதத்தையே ஏற்றுக்கொண்டு ஒரு கேள்வி கேட்கிறேன். கொள்கலனும் புகையிரதமும் சேர்ந்த சங்கிலிதான் இத்திட்டத்தைப் பாதுகாப்பானதாக்கும் என்றீர்கள். 2019 ஓகஸ்டில் முதலாவது குப்பை எதில் வந்தது? லொறிகளில். ஊர்களினூடே, வீதி வழியாக. கொழும்பில் கொட்ட இடமில்லாமற் போனதும், சங்கிலியின் நடுக்கண்ணிகள் ஆயத்தமாகுமுன்னரே கடைசிக் கண்ணி திறந்துவிடப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் அங்கே வெடிப்பு நிகழ்ந்தது. குப்பைக்குள் சேர்ந்த வாயுவே காரணம் எனப்பட்டது.

இதனை நான் சதி என்று சொல்லமாட்டேன். உழவு இயந்திரம் வராத அந்த வீட்டில் நடந்ததே பேரளவில் இங்கும் நடந்திருக்கிறது. மாநகர சபை ஒரு பக்கம், புகையிரதத் திணைக்களம் ஒரு பக்கம், அமைச்சு ஒரு பக்கம், கொந்தராத்துக்காரர் ஒரு பக்கம். ஒவ்வொருவரும் தத்தம் பங்கைக் காட்டிக் கணக்கு ஒப்புவிக்கலாம். ஒன்றன்பின் ஒன்றாக அவை பொருந்துகின்றனவா என்பதற்குப் பொறுப்பானவர் யார்? வித்தியாசம் ஒன்றுண்டு. சீமெந்துச் சங்கிலி அறுந்தால் நட்டப்படுபவர் அந்தச் சங்கிலியின் சொந்தக்காரர். குப்பைச் சங்கிலி அறுந்தால் நட்டப்படுபவர்கள் அதில் எந்தக் கண்ணிக்கும் சொந்தமில்லாத வண்ணாத்திவில்லு, சேராக்குளி, கரைத்தீவு மக்கள்.

கடனீரேரிக்கு அப்பால் நுரைச்சோலையும் ஒரு பாடம் சொல்கிறது. 2006இல் கட்டுமானம் தொடங்கி, 2011இல் முதல் அலகும், 2014இல் மூன்று அலகுகளும் முடிந்து 900 மெகாவாட் நிலையமாக அது எழுந்தது. கப்பல் கரைக்கு வர முடியாது, ஆழ்கடலில் நிற்கும். நிலக்கரியைப் படகுகளில் மாற்றித்தான் இறங்குதுறைக்குக் கொண்டுவர வேண்டும். கச்சான் காலத்தில், ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து செப்டெம்பர் வரை, கடல் அதற்கு இடங்கொடாது. ஆகவே ஓர் ஆண்டுக்குரிய நிலக்கரியை அரையாண்டுக்குள் இறக்கிக் குவித்துவிட வேண்டும். கேள்விப்பத்திரத்தில் ஒரு மாதம் பிந்தினால் அந்த மாதத்தைக் கடல் திருப்பித் தராது. இவ்வளவையும் அக்கரையில் எந்தக் கடற்றொழிலாளியும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவான். அதுபோலவே, வடகீழ்ப் பருவமழையில் கலா ஓயா பெருகி இலவங்குளத்துச் சப்பாத்துப் பாலம் மூழ்கினால் அந்த வழியில் கல்லும் மணலும் நகரா என்பதையும் ஊரவர் அறிவர். திட்ட அட்டவணை கொழும்பில் வரையப்படும்போது இந்தக் காற்றும் மழையும் அதில் இருக்கின்றனவா என்று பார்க்க எவரையும் அழைப்பதில்லை.

வீட்டுத் திட்டங்களுக்கு வருகிறேன். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் தஞ்சமடைந்த முஸ்லிம் மக்களுக்காக 2007இல் உலக வங்கியின் 3 கோடி 20 இலட்சம் டொலர் உதவியில் ஒரு வீடமைப்புத் திட்டம் தொடங்கியது. போர் முடிந்தபின் இந்தியா 50,000 வீடுகளுக்கு உதவியது. அதில் முதல் ஆயிரத்தைக் கொந்தராத்துக்காரர்கள் கட்ட, 2012 ஒக்டோபரிலிருந்து வடக்கு, கிழக்கில் மிகப் பெரும்பாலானவற்றைக் குடும்பங்களே, வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா வீதம் கட்டங்கட்டமாகப் பெற்றுக் கட்டின. வீட்டைக் குடியிருப்பவனே கட்டுவது நல்ல முறை. களவும் குறையும், மனமும் நிறையும். இதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை.

ஆனால் இந்த முறை ஒவ்வொரு குடும்பத்தலைவியையும் ஒரே நாளில் ஒரு தள முகாமையாளராக்கிவிடுகிறது என்பதை நாம் பேசுவதில்லை. கூரை மட்டம் வரை கட்டினால்தான் அடுத்த தவணை. உத்தியோகத்தர் வந்து பார்த்தால்தான் பணம். பணம் வரும்வரை மேசன் நிற்கமாட்டார். மணலுக்கு அகழ்வு அனுமதி, ஏற்றிச் செல்லும் அனுமதி என்று தனித்தனிப் பத்திரங்கள். மலிவென்று முன்கூட்டி வாங்கிய சீமெந்து மாதக்கணக்கில் கிடந்தால் கட்டிதட்டி வலுவிழக்கும். ஒரே மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள் ஒரே மாதத்தில் ஒரே கட்டத்துக்கு வரும்போது கல்லும் மணலும் மேசனும் தட்டுப்பட்டு விலையேறுவது இயல்பு. சுனாமிக்குப் பிந்திய ஆண்டுகளில் கரையோரமெங்கும் இதைக் கண்டோம். 2022இல் எரிபொருள் வரிசைகளின் நடுவே ஒரு பை சீமெந்து மூவாயிரம் ரூபாவை எட்டியபோது எத்தனை வீடுகள் அரைச்சுவரோடு நின்றன! தவணைக்கும் தவணைக்கும் இடையிலான அந்த ஓட்டையை அடைத்தது நகை அடகும் வட்டிக் கடனும்தான்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நூற்றுக்கணக்கானோரைப் பலிகொண்டு, எண்ணற்ற வீடுகளையும் வீதிகளையும் பாலங்களையும் சிதைத்துச் சென்றது. அத்தகைய அழிவுக்குப் பின் எங்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மணலும் மேசனும் வேண்டும். இந்தத் தருணத்தில் எவ்வளவு கோடி என்ற கேள்வியோடு நாம் நின்றுவிடக் கூடாது. ஓர் எளிய பத்திரிகையாளனாக என் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன்.

ஒன்று: ஒவ்வொரு பொது வேலைக்கும், எந்த வேலைக்குப் பின் எது, யார் பொறுப்பு என்ற ஒழுங்கை எழுதித் தளத்தின் வாசலிலேயே மும்மொழியிலும் தொங்கவிடுங்கள். செலவுத் தொகையும் அமைச்சரின் பெயரும் மட்டும் எழுதிய பலகை எவருக்கும் பயன்படாது.

இரண்டு: வாரம் ஒரு தடவை மேசனையும் சாரதியையும் மணல் கொடுப்பவரையும் உத்தியோகத்தரையும் ஒரே பாயில் அமர்த்திப் பேசுங்கள். காற்றையும் மழையையும் அறிந்த ஊர்ப் பெரியவர் ஒருவரும் அங்கே இருக்கட்டும்.

மூன்று: அடுத்த கட்டம் ஆயத்தமாகாதவரை முந்தைய கட்டத்தை முடிந்ததாகக் கணக்கெழுதாதீர்கள். தவணை பிந்தினால் பிந்திய நாட்களுக்குரிய கூலியைப் பணம் கொடுப்பவர் ஏற்கட்டும். காத்திருப்புக்கு ஒரு விலை இருக்கிறது. அதைத் தாமதத்துக்குக் காரணமானவர் கொடுக்கும் நாளில் தாமதம் தானாகவே குறையும்.

பத்திரிகையாளர்களாகிய நாமும் நம்மைத் திருத்திக்கொள்ள வேண்டும். அடிக்கல் நாட்டும் படத்தையும் நாடா வெட்டும் படத்தையும் போட்டோம். இரண்டுக்குமிடையே கிடந்த ஆண்டுகளைப் படமெடுக்க எவரும் போகவில்லை. நானும் போகவில்லை.

அன்று கரைத்தீவில் கல் வந்து சேர்ந்தபோது பிற்பகல் மூன்று மணியாகியிருந்தது. நானும் சற்றுக் கைகொடுத்து இறக்கினேன். மேசன் நூல் பிடித்து இரண்டு வரி கட்டி முடிக்குமுன் வெளிச்சம் போய்விட்டது. முழு நாட் கூலியை வீட்டுக்காரர் எண்ணிக் கொடுத்தார். மேசனும் அதைத் தயங்கித்தான் வாங்கினார். தவறு செய்தவர் எவரும் அங்கே இருக்கவில்லை.