குதிரையின் முதுகு மேடையன்று



"நம் முன்னோர் கடல்கடந்து குதிரை கொணர்ந்தவர்கள்" என்று பெருமை பேசும் வழக்கம் தென்கோடித் தமிழ் முஸ்லிம்களிடம் உண்டு. குதிரை வீரரைக் குறித்த 'இராவுத்தர்' என்னும் சொல் இன்றும் நம்மிடையே வாழ்கிறது. அப்பெருமையில் தவறில்லை. ஆயினும், கப்பலிலிருந்து இறங்கியபின் அக்குதிரைகளின் கதி என்னவாயிற்று என்று நாம் கேட்பதில்லை.

நாஞ்சில் நாட்டிலிருந்து கிழக்குக் கரையோரமாகச் சென்றால், தாமிரபரணி கடலில் கலக்குமிடத்தருகே இருந்தது காயல் துறைமுகம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹுர்முஸ், கிஷ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து குதிரைகள் அங்கே வந்திறங்கின. கிஷ் தீவின் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகளை அனுப்ப உடன்பாடு செய்திருந்தார். குதிரை ஒன்றின் விலை 220 செம்பொன் தீனார். வழியில் இறந்த குதிரைக்கும் பாண்டிய அரசே விலை கொடுத்தது. இவற்றைப் பதிவு செய்தவர் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப்.

அவரே மற்றொன்றையும் எழுதுகிறார். இங்கு குதிரைகளுக்கு நெய் சேர்த்த தானியமும் காய்ச்சிய பசும்பாலும் கொடுத்தனர்; கொழுக்க வேண்டுமென நாற்பது நாள் முளையடித்துக் கட்டி வைத்தனர்; பின்னர் எப்பயிற்சியும் தராமல், அங்கவடிகூட இல்லாமல் ஏறி விரட்டினர். வலிமைமிக்க குதிரைகள் சில காலத்திலேயே பயனற்றுப் போயின. எனவே ஆண்டுதோறும் புதியவை தேவைப்பட்டன. அக்காலத்தில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோவும் பராமரிப்பு தெரியாமையால் குதிரைகள் மடிந்ததைக் குறிப்பிடுகிறார். குதிரை வைத்தியர்கள் இங்கு வந்துவிடாதபடி வணிகர்களே தடுத்தனர் என்றும் அவர் சொல்கிறார். இது ஒரு பயணியின் கூற்றே. அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால், குதிரை சாகச் சாக வணிகம் தழைத்தது என்பதை மறுக்க இயலாது.

இதே காலத்தில் முஸ்லிம் உலகில் குதிரையேற்றம் தனிக் கல்வியாக வளர்ந்திருந்தது. அதற்கு 'ஃபுரூஸிய்யா' என்று பெயர். 14ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் இப்னுல் கையிம் (ரஹ்) அப்பெயரிலேயே நூல் இயற்றினார். குதிரை விற்ற நாடுகளில் அக்கல்வி இருந்தது. விலை கொடுத்து வாங்கிய இக்கரைக்கு அது உடன் வரவில்லை.

அக்கல்வியின் வேர் நபி (ஸல்) அவர்களின் வாழ்வில் இருக்கிறது. பயிற்சி பெற்ற குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை, ஏறத்தாழ 5 அல்லது 6 மைல், ஓட்டப்பந்தயம் வைத்தார்கள். பயிற்சி பெறாதவற்றுக்கோ 1 மைல் மட்டுமே (புகாரி). பக்குவப்படாத உயிரிடம் பக்குவப்பட்டதன் உழைப்பைக் கேட்கலாகாது என்னும் நீதி இதில் அடங்கியுள்ளது. அடங்காத ஒட்டகத்தில் ஏறிய ஆயிஷா (ரலி) அவர்களுக்கு, மென்மையைக் கைக்கொள்ளுமாறு அறிவுறுத்தினார்கள் (முஸ்லிம்). தம் மேலாடையாலேயே குதிரையின் முகத்தைத் துடைத்தார்கள். காரணம் வினவப்பட்டபோது, குதிரைகள் விஷயத்தில் அன்றிரவு தாம் கண்டிக்கப்பட்டதாகக் கூறினார்கள் (முவத்தா).

தேர்ந்த குதிரைப் பயிற்சியாளர்கள் இன்று சொல்வதும் இதற்கு அயலானதன்று. குதிரை இரைவிலங்கு, அஞ்சினால் ஓடுவது அதன் இயல்பு. சவுக்குக்கு அது பணிவது அச்சத்தால். ஆகவே முதலில் மெல்லிய குறிப்பால் கேட்க வேண்டும். குதிரை இணங்கிய கணமே கடிவாளத்தைத் தளர்த்த வேண்டும். அத்தளர்வே அதற்குக் கிடைக்கும் பாராட்டு. இணங்கிய பின்னும் இழுத்துக்கொண்டே இருப்பவனிடம் குதிரை எதையும் கற்பதில்லை. அதன் வாய் மரத்துப் போகிறது. பிள்ளைகளுக்கு ஓதக் கற்பிக்கும் நம் உஸ்தாதுமார்களும் சிந்திக்க வேண்டிய செய்தி இது.

வாகனத்தில் ஏறும்போது நாம் ஓதும் துஆவை எண்ணிப் பாருங்கள் (அல்குர்ஆன் 43:13). இதனை வசப்படுத்தியவன் அல்லாஹ், நம் ஆற்றலால் இது இயன்றதன்று என்னும் ஒப்புதல் அது. அவன் வசப்படுத்தித் தந்தது நம் கையில் அமானிதம். அமானிதத்திற்குக் கணக்கு உண்டு.

இன்று நம்மில் பெரும்பாலோர் குதிரையைச் சந்திக்கும் இடங்கள் இரண்டே: சுற்றுலாக் கடற்கரை, மாப்பிள்ளை ஊர்வலம். வெடியும் மேளமும் முழங்க, படப்பிடிப்புக்காக ஒரு குதிரையை மணிக்கணக்கில் நிறுத்தி வைத்து அதன்மேல் அமர்ந்திருப்பது எப்படிச் சரியாகும்? பிராணிகளின் முதுகுகளை மிம்பர்களாக ஆக்கிக்கொள்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள் (அபூதாவூத்). கடினமான பயணத்தை எளிதாக்கவே அவை நமக்கு வசப்படுத்தப்பட்டன. பள்ளிவாசல் தெருவிலிருந்து மண்டபத்திற்கு நடந்தே சென்றால் நிக்காஹ்வின் பரக்கத் குறைந்துவிடாது.

கடற்கரையில் பிள்ளையைக் குதிரையில் ஏற்றுமுன் கூலி பேசுகிறோம். அதற்கு முன் சேணத்தின் ஓரத்தில் புண் உண்டா, நிழலும் தண்ணீரும் கிடைக்கின்றனவா, விலா எலும்பு தெரிகிறதா என்று பார்ப்போம். புண் இருந்தால் பிள்ளையை ஏற்றாமல் விடுவோம். ஏன் ஏற்றவில்லை என்று குதிரைக்காரரிடம் கனிவாகச் சொல்வோம். அவரும் வயிற்றுப்பாட்டுக்கு உழைப்பவரே. பிள்ளைக்குக் குதிரையேற்றம் கற்பிக்க வசதியுள்ளவர்கள், முதல் மாதம் தீனி வைக்கவும் உடல் தேய்த்துவிடவும் பழக்கும் ஆசிரியரைத் தேடட்டும்.

குதிரைகளின் நெற்றி முடியில் மறுமை நாள்வரை நன்மை பிணைக்கப்பட்டுள்ளது என்பது நபிமொழியின் கருத்து. அந்நன்மையை அடைய, அன்போடு அந்நெற்றியைத் தடவும் கை வேண்டும். வாயில்லா ஜீவன்கள் விஷயத்தில் தன்னை அஞ்சி நடப்போராக நம்மை வல்ல அல்லாஹ் ஆக்குவானாக. ஆமீன்.