கதவுக்குக் கீழே ஒரு துவாய்

மாலை ஆறரை மணிக்கு எங்கள் வீட்டில் ஒரு சடங்கு உண்டு. பழைய துவாய் ஒன்றை நனைத்துப் பிழிந்து முறுக்கி, வாசல் கதவின் கீழ் இடுக்கில் வைத்து அடைப்பேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கும் மாமி முதல் இரண்டு நாளும் இதைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் அவருக்குப் பொறுக்கவில்லை.

“ஏன் தம்பி துவாய் வைக்கிறியள்? நுளம்பு வரும் எண்டோ?”

ஸ்காபரோவில், ஒன்பதாம் மாடியில், மார்ச் மாதக் குளிரில் நுளம்புக்கு என்ன வேலை? “மணம் வராமல் இருக்கத்தான் மாமி. பக்கத்து வீட்டுப் பொடியன் வேலையால வந்து கஞ்சா பத்துறவன்.”

மாமி குரலைத் தாழ்த்தினார். “பொலிசுக்கு அடிச்சுச் சொல்லுங்கோவன்.”

“பொலிஸ் வராது மாமி. இங்க அரசாங்கமே விக்குது.”

பெண்ணை இப்படி ஒரு நாட்டிலா வாழ அனுப்பினோம் என்ற கேள்வி அவர் முகத்தில் தெரிந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது. ஊரில் அவர் படிக்கும் பத்திரிகையில் ‘கேரள கஞ்சா மீட்பு’ என்பது அடிக்கடி வரும் தலைப்பு. மாதகல் கரையில் பொதி பொதியாகப் பிடிபடும். படத்தில் பொதிகளுக்குப் பின்னால் யாராவது இரண்டு பேர் தலை குனிந்து நிற்பார்கள். அவர் அறிந்த கஞ்சா அதுதான். வேலைக்குப் போய்வந்து, எலிவேற்றரில் கதவைப் பிடித்து வைத்து, “ஹலோ” சொல்லும் கஞ்சாவை அவர் கண்டதில்லை.

கனடாவில் கஞ்சா சட்டபூர்வமானது 2018 ஒக்ரோபர் 17ஆம் திகதி. நாடு முழுவதற்குமாக இப்படிச் செய்த முதல் நாடு உருகுவே, இரண்டாவது நாங்கள். அன்று ரொறன்ரோ தலைகீழாகிவிடும் என்று எதிர்பார்த்த பலரில் நானும் ஒருவன். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்ராறியோவில் அன்று ஒரு கடைகூட இல்லை. மாகாண அரசின் இணையக் கடையில் பதிந்துவிட்டுத் தபாலுக்குக் காத்திருக்க வேண்டும். ஐந்து நாள் கழித்துத் தபால் ஊழியர்கள் சுழற்சி வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். புரட்சி தபாலில் தாமதமாகி வந்த ஊர் இது.

கடைகள் திறக்க அனுமதி கிடைத்தது 2019 ஏப்ரல் முதலாம் திகதி. சீட்டுக் குலுக்கி மாகாணத்துக்கே 25 பேரைத் தெரிவுசெய்திருந்தார்கள். ரொறன்ரோ முழுவதற்கும் அன்று திறந்தது குவீன் வீதியில் ஒரே ஒரு கடை. பிறகு குலுக்கலை விட்டார்கள். கடைகள் மழைக்காலக் காளான்போல முளைத்தன. சில ஆண்டுகளில் மாகாணத்தில் ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டிவிட்டன. எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள பிளாசாவில் சேலைக் கடை, கொத்துரொட்டிக் கடை, ரியூசன் வகுப்பு, சட்டத்தரணி அலுவலகம், அதற்கடுத்ததாகக் கஞ்சாக் கடை. பள்ளிக்கூடத்திலிருந்து 150 மீற்றர் தள்ளி இருக்க வேண்டும் என்பது விதி. ரியூசன் வகுப்பைச் சட்டம் பள்ளிக்கூடமாகக் கணக்கில் எடுக்கவில்லைப் போலும்.

அந்தக் கடைக்குள் ஒரே ஒரு முறை போயிருக்கிறேன், தவறுதலாக. உள்ளே இருப்பது வெளியே தெரியக்கூடாது என்று கண்ணாடியெல்லாம் பால்நிறத்தில் மறைத்திருக்கும். துப்புரவான வெள்ளை எழுத்து, மங்கல் வெளிச்சம். மூக்குக்கண்ணாடிக் கடையென்று நம்பி, கழன்ற கண்ணாடிக் காலோடு உள்ளே நுழைந்துவிட்டேன். வாசலில் நின்ற பெண் அடையாள அட்டை கேட்டார். இருபத்தைந்துக்குக் குறைவாகத் தெரிகிற எவரிடமும் வயதை உறுதிசெய்ய வேண்டும் என்பது சட்டம். இந்தக் கடையில் எல்லோரிடமும் கேட்கிறார்கள். தலையில் ஒரு மயிரும் மிச்சமில்லாத என்னிடம் பத்தொன்பது வயது ஆகிவிட்டதா என்று கடைசியாகக் கேட்டவர் அவர்தான். வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். மனைவி சிரிக்கவில்லை.

எங்கள் வீட்டுக்கு வடக்கே ஓடும் ஸ்டீல்ஸ் வீதிதான் ரொறன்ரோவின் எல்லை. வீதியைக் கடந்தால் மார்க்கம். கடைகள் வேண்டுமா வேண்டாமா என்று சொல்ல நகரசபைகளுக்கு 2019 ஜனவரி வரை தவணை கொடுத்தபோது மார்க்கம் வேண்டாம் என்றது. மிசிசாகாவும் அப்படித்தான் சொன்னது. 2023இல் அதன் மனம் மாறிவிட்டது. மார்க்கம் மாறவில்லை. ஆகவே வீதியின் தெற்குப் பக்கத்தில் கடை உண்டு. வடக்குப் பக்கத்தில் இல்லை. மார்க்கத்தில் பெரிய வீடு வாங்கிப் போன நண்பர்கள் இதைத் தங்கள் ஊரின் ஒழுக்கத்துக்குச் சான்றாகச் சொல்லுவார்கள். தடை கடைக்கு மட்டும்தான். வாங்கிக்கொண்டு வீதியைக் கடக்கிறவரை யாரும் மறிப்பதில்லை. காற்று தெற்கிலிருந்து வீசும் நாட்களில் நண்பர்கள் இந்தப் பேச்சை எடுப்பதில்லை.

கஞ்சா பத்தாதவனுக்கு இந்தச் சட்டத்தால் வந்த மாற்றம் என்ன என்று கேட்டால், முதலில் மூக்கைத்தான் சொல்ல வேண்டும். சிகரெட் பிடிக்கலாம் என்ற இடங்களில் கஞ்சாவும் பத்தலாம். நடைபாதையில் சரி, பூங்காவில் சரி. சிறுவர் விளையாட்டுத் திடலிலும் அதைச் சுற்றி 20 மீற்றருக்குள்ளும் கூடாது. உணவகத்தின் வெளி இருக்கைகளிலிருந்து 9 மீற்றர் விலக வேண்டும். வாகனத்துக்குள் கூடாது. யார் மீற்றர் அளக்கிறார்கள்? சிவப்பு விளக்கில் நிற்கும்போது பக்கத்துக் காரிலிருந்து வரும் மணம், அந்தக் காரின் பிரேக்கைப் பற்றி என்னை யோசிக்க வைக்கிறது. ஆறரைக்குப் பக்கத்து வீடு, ஒன்பதரைக்கு நாயோடு நடக்கும் முதியவர், சனிக்கிழமை இரவென்றால் பார்க்கிங் லொட். மணிக்கூடு இல்லாமலே நேரம் சொல்லுவேன்.

இதில் ஒரு குழப்பமும் உண்டு. இந்த ஊரில் ஸ்கங்க் என்றொரு பிராணி இருக்கிறது. கறுப்பு உடம்பில் வெள்ளைக் கோடு, பயந்தால் பீய்ச்சியடிக்கும். இளவேனிலில் இரவு யன்னலைத் திறந்தால் வருவது ஸ்கங்கா, கஞ்சாவா என்று வீட்டில் விவாதம் நடக்கும். எங்கள் மூக்கில் குறையில்லை. அந்த மணத்துக்குக் காரணம் கந்தகம் கலந்த சில சேர்மங்கள் என்றும், அவை ஸ்கங்கின் பீய்ச்சலில் உள்ளவற்றுக்கு நெருங்கிய சொந்தம் என்றும் 2021இல் வேதியியலாளர்கள் கண்டுபிடித்தார்கள். உள்ளி மணமும் அந்தக் குடும்பத்தோடு உறவுள்ளதுதான். இதை மனைவியிடம் சொன்னபோது அவர் உள்ளி உரித்துக்கொண்டிருந்தார். “அப்ப இதையும் அரசாங்கம் விக்கட்டும்” என்றார்.

மூக்கை மூடிக்கொள்ளலாம். வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது என்பது பிறகுதான் தெரிந்தது. 2019இன் கடைசியில் கஞ்சா கலந்த இனிப்புகளும் சொக்கலேற்றும் சந்தைக்கு வந்தன. ஒரு பொதியில் போதை தரும் பொருள் 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. குழந்தைகள் திறக்க முடியாத பொதி. சிவப்பில் எச்சரிக்கைக் குறி. அப்படியிருந்தும், பெரியவர்கள் வைத்ததைத் தவறுதலாகத் தின்று ஒன்ராறியோவில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் குழந்தைகளின் எண்ணிக்கை பல மடங்கு கூடியதை மருத்துவ ஆய்வுகள் காட்டின. சட்டப் பொதியின் பூட்டு, கிண்ணத்தில் கொட்டிவைத்த இனிப்புக்கு உதவாது. ஒரு பிறந்தநாள் வீட்டில், மேசையில் கிடந்த கம் மிட்டாயைக் காட்டி, “இது வெறும் இனிப்புத்தானே?” என்று கேட்க வேண்டியிருந்தது. கேட்ட எனக்கும் கூச்சம், கேட்கப்பட்டவருக்கும் கூச்சம்.

அதைவிடக் கூச்சமான பேச்சு வீட்டுக்குள் நடந்தது. மகளுக்குப் பதினேழு வயது. “உனக்கு இது வேண்டாம்” என்றேன். “ஏன் அப்பா?” என்றாள். சட்டவிரோதம் என்று சொல்லப் பழகிய வாய், பாதியில் நின்றது. இன்னும் இரண்டு வருடத்தில் அவளுக்குச் சட்டமே அனுமதி கொடுத்துவிடும். “மாமா கலியாண வீட்டில விஸ்கி குடிக்கிறார், அது சரியா?” என்று அடுத்த கேள்வி. வளரும் மூளை, படிப்பு, பழக்கம் என்று நான் சொன்னதெல்லாம் உண்மைதான். ஆனால் தயாரில்லாமல் பரீட்சை எழுதியவன்போலத் தடுமாறினேன். சட்டம் என் பக்கம் நின்றவரை நான் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

பழைய சட்டமே திரும்பட்டும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எல்லா நிறத்தவரும் பத்தினார்கள். பிடிபட்டவர்களில் கறுப்பின இளைஞர்கள் அளவுக்கு மிஞ்சி இருந்ததை ரொறன்ரோ பொலிசின் தரவுகளே காட்டின. எனக்குத் தெரிந்த ஒரு தமிழ்ப் பொடியன், கால்சட்டைப் பையில் கிடந்த ஒரு சுருளுக்காகப் பல வருடம் அமெரிக்க எல்லைப் பக்கம் போகாமல் இருந்தான். வைத்திருந்த குற்றத்துக்கு மட்டும் தண்டனை பெற்றவர்களுக்கு 2019 ஓகஸ்டிலிருந்து கட்டணமில்லாமல் மன்னிப்பு கொடுக்கிறார்கள். முன்பு அந்த விண்ணப்பத்துக்கு 631 டொலர்.

எல்லைக்கு அப்பால் கதை வேறு. தங்கையின் மகன் சிங்கப்பூர் வழியாகச் சென்னைக்குக் கலியாணத்துக்குப் போனபோது, அவனுடைய ஜக்கெற் பைகளை நானே கவிழ்த்து உதறினேன். அவன் சிரித்தான். 2023 ஏப்ரலில் சிங்கப்பூரில் தங்கராஜு சுப்பையா என்ற தமிழரைத் தூக்கிலிட்டார்கள். ஒரு கிலோவுக்குச் சற்றே கூடிய கஞ்சாவைக் கடத்த உடந்தையாக இருந்தார் என்பது குற்றம். எங்கள் பிளாசாவில் அதே இலைக்குப் புள்ளி அட்டை போட்டுக் கழிவு கொடுக்கிறார்கள். இதைச் சொன்னபிறகு மருமகன் உள்பையையும் தானே உதறினான்.

மாமியின் யோசனைக்கு வருவோம். பொலிசுக்குச் சொல்ல முடியாது என்றால் யாரிடம் சொல்லுவது? கட்டட நிர்வாகத்துக்கு எழுதினேன். நாள், நேரம், மணத்தின் கடுமை எல்லாம் குறித்துத் தரச் சொன்னார்கள். குறித்துக் கொடுத்தேன். “அயலவரை மதித்து நடப்போம்” என்று எல்லா மாடிக்கும் பொதுவாக ஒரு கடிதம் வந்தது. பக்கத்து வீட்டுப் பொடியன் அதை வாசித்து, என் குசினியைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தானாம். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்த நினைப்புக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1991இல் நான் இந்த நகரத்துக்கு வந்தபோது ஓர் அறை வீட்டில் ஐந்து பேர் இருந்தோம். சமையல் மணம் பற்றி முறைப்பாடு வந்திருப்பதாகக் கட்டடக் காவலாளி கதவுக்குக் கீழால் துண்டு தள்ளிவிட்டுப் போவார். அதன்பிறகு கருவாடு பொரிக்கும் நாளில் ஒருவர் சட்டியைப் பார்ப்பார். மற்றவர் துவாயை நனைத்துக் கதவை அடைப்பார். அன்று உள்ளிருப்பது வெளியே போகாமல் அடைத்தோம். இப்போது வெளியிலிருப்பது உள்ளே வராமல் அடைக்கிறேன். முறுக்குகிற விதம் மாறவில்லை.

மாமிக்கு இந்தக் கதையைச் சொன்னேன். அவர் தன் தகப்பனாரைப் பற்றிச் சொன்னார். திண்ணையில் இருந்து சுருட்டுப் பத்துவாராம், வீடெல்லாம் புகை, ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லையாம். “சொல்லப் பயம்” என்றார். பிறகு, “உந்தப் பொடியனோட ஒருக்கால் கதைச்சுப் பாத்தனியளோ?” என்று கேட்டார். ஏழு வருடமாக ஒரே சுவர். “ஹலோ” தவிர ஒன்றும் கதைத்ததில்லை.

அடுத்த ஞாயிறு கதவைத் தட்டினேன். திறந்தான், ஆனால் கதவு பாதியில் இறுகி நின்றது. அவன் குனிந்து எதையோ இழுத்து எடுத்தான். ஈரத் துவாய்.

இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். தாழ்வாரத்துக்கு மணம் போகாமல் வைக்கிறேன் என்றான், மன்னிப்புக் கேட்கும் குரலில். நானும் வைக்கிறேன் என்றேன். சனிக்கிழமைகளில் தன் குளியலறையில் ஒரு மணம் வருகிறது, குப்பை போடும் குழாய் உடைந்துவிட்டதென்று இவ்வளவு காலமும் நினைத்தேன் என்றான். சனிக்கிழமை எங்கள் வீட்டில் மீன் நாள்.

அப்போதுதான் விளங்கியது. இரண்டு குளியலறைக்கும் காற்றை வெளியேற்றும் குழாய் ஒன்றுதான். நாங்கள் கதவை அடைத்துக்கொண்டிருக்க, அவனுடைய மாலையும் என்னுடைய சனிக்கிழமையும் சுவருக்குள்ளால் போய்வந்துகொண்டிருந்தன. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஒரே கடிதம் எழுதினோம். நிர்வாகம் ஆள் அனுப்பியது. குழாய்க்குள் திரும்பிவரும் காற்றைத் தடுக்கும் தகடு துருவேறித் திறந்தபடியே நின்றதாம். புதிது போட்டார், குழாயைச் சுற்றியிருந்த வெடிப்பையும் பூசினார்.

மணம் முழுதாகப் போகவில்லை. குறைந்திருக்கிறது. அவனும் அப்படித்தான் சொல்லுகிறான். துவாயை எடுத்துக் காய வைத்து, கார் துடைக்க வைத்திருக்கிறேன். நேற்று ஆறரைக்கு மாமி கதவடியில் நின்று மோந்து பார்த்தார்.

“இண்டைக்கு அவன் பத்தேல்லை போல” என்றார். “வேலையால இன்னும் வரேல்லையோ தெரியாது.”

குரலில் கொஞ்சம் கவலை இருந்தது.