சன்னி போனோவை நினைக்க ஒரு சட்டம் போதுமா?

ஒரு அமெரிக்க அரசியல்வாதியைப் பற்றி இன்றைக்கு. அரசியல்வாதி என்றதும் ஓடிவிடாதீர்கள், ஆள் அடிப்படையில் பாட்டுக்காரர்.

பெயர் சன்னி போனோ. 1965-ல் "ஐ காட் யூ பேப்" என்ற பாட்டை எழுதி, தன் ஜோடியான ஷெர்ருடன் சேர்ந்து பாடி, அமெரிக்காவில் முதலிடம் பிடித்தவர். 1971-ல் இருவருக்கும் சொந்தமாக டிவி நிகழ்ச்சி வந்தது. அதில் ஷெர் அவருடைய உயரத்தையும் குரலையும் வாரு வாரு என்று வாருவார், இவர் அசட்டுச் சிரிப்போடு நிற்பார். நாடே சிரித்தது. 1975-ல் விவாகரத்து. ஷெர் மேலே போனார், சன்னியை எல்லோரும் மறந்து போனார்கள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. கலிஃபோர்னியாவில் பாம் ஸ்பிரிங்ஸ் என்ற பாலைவன ஊரில் ஓட்டல் ஆரம்பித்தார். போர்டு வைக்க அனுமதி கேட்டு நகராட்சிக்கு நடையாய் நடந்து வெறுத்துப் போய், "நானே மேயராகிறேன்" என்று தேர்தலில் நின்றுவிட்டார். 1988-ல் ஜெயித்தும் விட்டார்! அந்த ஊரில் இன்றும் நடக்கும் சர்வதேசத் திரைப்பட விழா இவர் முயற்சியில் தொடங்கியது. 1994 தேர்தலில் குடியரசுக் கட்சி சார்பில் ஜெயித்து பிரதிநிதிகள் சபைக்குப் போனார். நம் கணக்கில் எம்.பி. 1998 ஜனவரி 5 அன்று பனிச்சறுக்கு விளையாடும்போது மரத்தில் மோதி இறந்தார். வயது 62.

இறுதிச் சடங்கில் ஷெர் பேசினார். பிரிந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று, அரசியலிலும் இருவரும் எதிரெதிர் பக்கம். டிவி நேரடி ஒளிபரப்பு வேறு. அழுதுகொண்டே பேசினார். அதை நடிப்பு என்று எழுதியவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பொதுவாழ்க்கைக்காரரைப் பற்றி நான் படித்த இரங்கல் பேச்சுகளிலேயே உருப்படியானது அதுதான் என்பேன்.

ஏன்? வழக்கமாக இரங்கல் என்றால் வகித்த பதவிகள், போட்ட சட்டங்கள், வாங்கிய விருதுகள் என்று பட்டியல் வாசிப்பார்கள். ஷெர் அதைச் செய்யவில்லை. சன்னியைக் கோமாளி என்று நினைத்தவர்களுக்கு ஒரு பதில் சொன்னார்: அடுத்தவர் சிரிக்க வேண்டும் என்பதற்காகத் தானே கேலிப்பொருளாக நிற்க ஒரு துணிச்சல் வேண்டும், அது அவரிடம் இருந்தது. கூச்ச சுபாவமுள்ள ஒரு பதினாறு வயதுப் பெண்ணையும், மோசமான குரல் கொண்ட ஒரு மனிதரையும் சேர்த்து ஒரு வெற்றி ஜோடியை உருவாக்கியவர் முட்டாளாக இருக்க முடியாது என்றார். (அந்தப் பெண் ஷெர், அந்த மனிதர் சன்னி.)

இது கூட மேடையில் நின்றவர் மட்டுமே சொல்லக்கூடிய விஷயம். தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்ளும் அந்தப் பேச்சுதான் கட்சிக் கூட்டங்களில் அவருக்கு அத்தனை கிராக்கியை வாங்கிக் கொடுத்தது. பாட்டுக்காரர் சன்னியும் எம்.பி. சன்னியும் ஒரே ஆள்தான் என்பதை அந்தப் பேச்சு காட்டிவிட்டது.

சரி, நாடாளுமன்றம் அவரை எப்படி நினைவு வைத்தது? 1998 அக்டோபரில் நிறைவேறிய காப்புரிமை நீட்டிப்புச் சட்டத்துக்கு அவர் பெயரை வைத்தது. எழுதியவர் இறந்து 50 வருஷம் வரை இருந்த காப்புரிமை 70 வருஷமானது. நிறுவனங்களின் படைப்புகளுக்கு 75 என்பது 95 ஆனது. இதனால் 1999-ல் எல்லோருக்கும் பொதுவாகியிருக்க வேண்டிய 1923-ம் வருஷத்துப் புத்தகங்களும் படங்களும் 2019 வரை பூட்டியே கிடந்தன. பழைய நூல்களை இணையத்தில் இலவசமாகப் போட்டுக்கொண்டிருந்த எரிக் எல்ட்ரெட் என்பவர் உச்ச நீதிமன்றம் வரை போய்ப் போராடி 2003-ல் தோற்றார்.

சன்னி இதை ஆதரித்தவர்தான், இல்லை என்று சொல்லவில்லை. காப்புரிமை முடிவே இல்லாமல் நீடிக்க வேண்டும் என்பது அவர் ஆசை என்று, அவருக்குப் பின் அதே தொகுதியில் ஜெயித்த மனைவி மேரி போனோவே சபையில் சொன்னார். ஆனால் பாட்டெழுதியே பிழைத்த ஒருவர் அப்படி நினைப்பது ஒரு விஷயம். அவர் இறந்த துக்கத்தோடு சேர்த்து அதைச் சட்டமாக்குவது வேறு விஷயம். இறந்தவர் பெயர் வைத்த மசோதாவை எதிர்த்துப் பேச யாருக்கு மனசு வரும்? டிஸ்னி மாதிரிக் கம்பெனிகளுக்கு லாபமான ஒரு சட்டத்துக்கு ஒரு நல்ல மனிதரின் பெயரைப் போர்வையாகப் போர்த்தினார்கள் என்பதுதான் என் வருத்தம்.

கொசுறாக ஒன்று. 1978 ஒப்பந்தப்படி சன்னியின் பாட்டு வருமானத்தில் ஷெர்ருக்குப் பாதி. காப்புரிமைச் சட்டத்தின் இன்னொரு பிரிவைக் காட்டி மேரி போனோ தரப்பு அதை நிறுத்தப் பார்க்க, 2021-ல் ஷெர் வழக்குப் போட்டார். 2024 மே மாதம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது.

அரசாங்கம் அவர் பெயரை வைத்த இன்னொரு இடமும் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் சால்டன் ஸீ என்று ஒரு பெரிய உப்பு ஏரி. 1905-ல் கொலராடோ ஆற்றுத் தண்ணீர் கால்வாயை உடைத்துக்கொண்டு வந்து நிரப்பியது. உப்பு ஏறி, மீனும் பறவையும் செத்துக்கொண்டிருந்த அந்த ஏரியைக் காப்பாற்ற சன்னி விடாமல் அலைந்தார். அங்குள்ள பறவைகள் சரணாலயத்துக்கு 1998-ல் அவர் பெயரை வைத்தார்கள். ஏரி இன்னும் வற்றிக்கொண்டுதான் இருக்கிறது. அதற்கு யாராவது ஒரு எம்.பி. மறுபடி நடையாய் நடக்க வேண்டும்.