வெற்று மாறியும் வினை செய்யும்

இயற்கணிதத்தில் 'எக்ஸ்' என்றால் இனிமேல் கண்டுபிடிக்க வேண்டிய எண். கணிப்பொறிக்கு ஷெல் மொழியில் கட்டளை எழுதும்போதும் மாறிகள் வருகின்றன. ஆனால் இவை சமையலறையில் சீட்டு ஒட்டிய டப்பாக்களைப் போன்றவை. பெயர், சமக்குறி, மதிப்பு ஆகியவற்றை இடைவெளியின்றி எழுதினால் டப்பாவில் பொருள் சேரும். பெயருக்கு முன் டாலர் குறி இட்டால் அப்பொருள் வெளியே வரும்.

டப்பா காலியாக இருந்தால்? அங்கேதான் ஆபத்து! ஷெல் வாய் திறப்பதில்லை. மாறி இருந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு, மீதிக் கட்டளையை நிறைவேற்றிவிடும். 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இருந்த ஸ்டீபன் போர்னின் ஷெல் முதல் இன்றைய பாஷ் வரை இதுவே வழக்கம்.

இதன் விளைவு 2015 ஜனவரியில் வெளிப்பட்டது. லினக்ஸில் இயங்கும் 'ஸ்டீம்' என்னும் விளையாட்டு மென்பொருளின் கட்டளைக் கோப்பில், "இந்த மாறி காட்டும் கோப்புறை, அதன்பின் சாய்கோடு, அதற்குள் உள்ள அனைத்தையும் அழி" என்று ஒரு வரி இருந்தது. மாறி வெறுமையானதும் எஞ்சியது சாய்கோடு மட்டுமே. யூனிக்ஸ் வகைக் கணிப்பொறிகளில் தனிச் சாய்கோடு என்பது எல்லாக் கோப்புகளுக்கும் வேர். பயனர் அழிக்க உரிமை பெற்றிருந்த சொந்தக் கோப்புகள் எல்லாம் அழிந்தன. அந்த வரியின் அருகிலேயே "அச்சம் தருவது" என்னும் பொருளில் ஒரு குறிப்பும் இருந்தது என்பதுதான் வியப்பு. அஞ்சியவர் சோதிக்கவில்லை!

"ஷெல்லே பழசு, தூக்கி எறியுங்கள்" என்பார் சிலர். நான் அதை ஏற்கவில்லை. சில இடங்களில் வெறுமையும் பயன்படுகிறது. விருப்பமிருந்தால் மட்டும் சேர்க்கும் குறிப்புகளுக்கு அதுவே வசதி. குறை கருவியில் இல்லை, கற்பிக்கும் வரிசையில் இருக்கிறது. மதிப்பிடுவதை முதல் நாளே சொல்லித் தருகிறோம்; சோதிப்பதைப் பிறகு என்று தள்ளிவைக்கிறோம்.

'செட் மைனஸ் யூ' என்ற கட்டளை, மதிப்பே இடப்படாத மாறியைக் கண்டால் வேலையை நிறுத்தும். ஆனால் வெறுமையையே மதிப்பாகப் பெற்ற மாறியை அது விட்டுவிடும். மாறியின் பெயரை நெளிவு அடைப்புக்குறிக்குள் எழுதி, பெயரை அடுத்து முக்காற்புள்ளியும் வினாக்குறியும் இட்டால், இரண்டு நிலையிலும் கட்டளைக் கோப்பு நின்றுவிடும். அழிக்கும் வரியில் இவ்விரு குறிகள் போதும்.

ஆய்வுக்கூடத்தில் அமிலப் புட்டியின் சீட்டை மட்டும் நம்பி ஊற்றுவோமா? மாறியின் பெயரையும் அப்படி நம்பவேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகே ஊற்றுங்கள்!