கட்டிலருகே ஒரு செவிலியர்

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் தென்காசி பயணிகளால் நிரம்பி வழியும். அதே தெருக்களில், புற்றுநோய் முற்றி வீடு திரும்பி, புரட்டிப் படுக்கவைக்கத் தெரிந்த ஆளில்லாமல் கிடப்பவர்களும் உண்டு. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வலி நிவாரணச் செவிலியர் வீட்டுக்கே வருகிறார். படுக்கைப் புண்ணைக் கழுவிக் கட்டுகிறார். வறண்ட உதட்டை ஈரத்துணியால் எப்படி ஒற்றுவது என்று மகளுக்குக் காட்டுகிறார். அந்தப் பத்து நிமிடத்தில் மகளின் பயம் பாதியாகக் குறைகிறது.

ஆனால் வலி ராத்திரியில்தான் கூடும்; அப்போது அழைக்க ஆளில்லை. புளியரையைத் தாண்டினால் கேரளம். அங்கே 2008-லேயே வலி நிவாரணச் சிகிச்சைக்கெனத் தனிக் கொள்கை வகுத்தார்கள். கடும் வலியைத் தணிக்கும் ‘மார்பின்’ மாத்திரைக்கான கெடுபிடியைப் போதைப்பொருள் சட்டத்தின் 2014 திருத்தம் தளர்த்தியது. அந்த மாத்திரை தாலுகா மருத்துவமனையிலேயே கிடைக்க வேண்டும். கூடுதல் செவிலியர்களையும், நள்ளிரவிலும் எடுத்துப் பேசும் ஒரு தொலைபேசி எண்ணையும் தென்காசி மாவட்டத்துக்கு அரசு உடனே தரவேண்டும்.